கிள்ளாதீர்கள், வேரோடு பிடுங்குங்கள்

அக்கா, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் பின்வளவு வேலியோரம் பனி கரைந்ததும் ஒரு செடி பச்சைப்பசேலென்று கிளம்புகிறது. கசக்கினால் உள்ளி மணக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ‘கார்லிக் மஸ்டர்ட், பொல்லாத களை’ என்கிறார். சாப்பிடலாமா?

சாப்பிடலாம் தம்பி. கீரையாகவும் மருந்தாகவும் பயன்படுத்தத்தான் ஐரோப்பியர் 1800களில் இதை வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். 1879இலேயே ரொறன்ரோவில் பதிவாகியிருக்கிறது. ஆனால் முளைக்கீரை கிள்ளுவதுபோல் நுனியை மட்டும் கிள்ளாதீர்கள். கிள்ளினால் பக்கத்தில் கிளைத்துப் பூக்கும்.

இதன் ஆயுள் இரண்டு வருடம். முதல் வருடம் வட்ட இலைகளோடு நிலத்தில் படுத்திருக்கும். அடுத்த வசந்தத்தில் தண்டு விட்டு, மே மாதமளவில் நாலிதழ் வெள்ளைப்பூ பூத்து, நூற்றுக்கணக்கில் விதை கொட்டும். அந்த விதைகள் பல வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும். ஆகவே தண்டு எழுந்து பூ விரியாத நாட்களில் பிடுங்கிவிடவேண்டும். மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும். அடியில் பிடித்து மெதுவாக இழுங்கள். வேரின் கழுத்து வளைந்திருக்கும். அவசரப்பட்டால் அங்கேயே அறுந்து, மிச்சம் திரும்பத் தளிர்க்கும்.

இளம் இலைகளைக் கொதிநீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். கசப்புப் போகும், அதிலுள்ள சிறிதளவு சயனைட்டும் குறையும். பிறகு அரிந்து, வெங்காயம், செத்தல் மிளகாய், தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தால் அருமை. உள்ளி தேவையே இல்லை. தினமும் வேண்டாம், இடைக்கிடை போதும். களைநாசினி அடித்த இடத்தில் தொடவேண்டாம். பூங்காக்களில் செடி பறிக்க அனுமதி இல்லை, உங்கள் வளவோடு நில்லுங்கள். பூத்துவிட்டதென்றால் கொம்போஸ்டில் போடாதீர்கள்; பிடுங்கிய பிறகும் விதை முற்றும். கறுப்புப் பையில் இறுக்கக் கட்டி ஒரு கிழமை வெயிலில் வைத்துக் குப்பையில் போடுங்கள்.

இத்தனை கவனம் ஏனென்றால், மேப்பிள் நாற்றுகளின் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகளை இது நசுக்குகிறது. வெஸ்ட் வேர்ஜீனியா வைட் என்ற வண்ணத்துப்பூச்சி, தன் செடி என்று நம்பி இதில் முட்டையிடுகிறது. இலையைத் தின்ற புழுக்கள் செத்துப்போகின்றன. அதை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பிடுங்கிய இடத்தில் என்ன நடலாம்? மேப்பிள் மரத்து நிழல்.

நர்சரியில் வேலை செய்யும் நானே சொல்கிறேன்: நிலத்தை மூடிப் படரும் கவுட்வீட், பெரிவிங்கிள், இங்கிலிஷ் ஐவி மூன்றையும் வாங்காதீர்கள். முதல் வெயில் சனிக்கிழமை வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ‘கெதியாகப் பரவுகிற செடி’. அந்த ஆசை விளங்குகிறது. ஆனால் இவையும் தோட்டத்துக்கென்று வந்து காட்டுக்குள் தப்பியவைதான். வைல்ட் ஜிஞ்சர், ஃபோம்ஃப்ளவர் இரண்டும் இந்த மண்ணுக்குரியவை, மெதுவாகப் பரவும், நிழலில் நன்றாக வரும். அப்புறம், வைல்ட் ஜிஞ்சர் இஞ்சி மணக்கிறதென்று கறியில் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஏப்ரலிலேயே நல்ல வெயில். கத்தரி, மிளகாய்க் கன்றுகளை வெளியில் நடலாமா?

வேண்டாம். மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா நாள் வார இறுதிவரை பொறுங்கள், இரவுக் குளிர் கன்றைக் கருக்கிவிடும். கை சும்மா இருக்காதென்றால் முள்ளங்கி விதையுங்கள். வாசலில் பான்சிப் பூச்செடி வையுங்கள், இலேசான பனியை அது தாங்கும்.