அக்னி நட்சத்திரத்தில் அமுங்கும் பிரெட்

கேள்வி: பல வருடம் பெங்களூரில் வேலை. ஞாயிறானால் வீட்டில் பிரெட் போடுவேன். அந்த ஊர் இரைச்சலில் எனக்கென்று இருந்தது அந்தப் பொழுது ஒன்றுதான். இப்போது காட்பாடிக்கு வந்துவிட்டேன். அதே அளவு, அதே ஓ.டி.ஜி. (மேசை மேல் வைக்கிற சின்ன மின்சார அவன்). ஆனால் பிரெட் நடுவில் குழிந்து, புளித்த வாடை அடிக்கிறது. ஈஸ்ட்டைக் கூட்டலாமா? ஞாயிற்றுக்கிழமை என்றால் வீடு நிறைய ஆட்கள் வேறு!

பதில்: கூட்டாதீர்கள், குறையுங்கள். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். அங்கே உங்கள் சமையலறை 25, 26 டிகிரியில் இருந்திருக்கும். இங்கே மே மாதம் வெளியே 40-ஐத் தாண்டும்போது சமையல் மேடை 34-க்குக் குறையாது. அங்கே ஒன்றரை மணி நேரத்தில் உப்பிய மாவு இங்கே முக்கால் மணியிலேயே உப்பிவிடும். நீங்களோ பழைய கணக்கில் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். அதற்குள் மாவு அதிகம் புளித்து, காற்றைப் பிடித்து வைக்கும் பசை தளர்ந்துவிடுகிறது. ஓ.டி.ஜி.க்குள் போனதும் பொத்தென்று அமுங்குவது அதனால்தான்.

8க்கு 4 அங்குல டின்னுக்கு மைதா 300 கிராம், தண்ணீர் 190 மில்லி, உப்பு 6, சர்க்கரை 12, வெண்ணெய் 15 கிராம். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம் போட்டிருந்தால் கோடையில் 2 போதும். பாக்கெட்டில் புரதம் 100 கிராமுக்கு 11 கிராமாவது இருக்கிற மைதாவாகப் பாருங்கள்.

முக்கியமானது தண்ணீரின் குளிர்ச்சி. பிசைந்து முடித்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும். அறை, மைதா, தண்ணீர் மூன்றின் சூடும் சேர்ந்துதான் மாவின் சூடு. அதனால் 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதில் அறைச் சூடு 34, மைதாவின் சூடு 34, கையால் பிசைகிற சூடு 2, மூன்றையும் கழித்தால் மிச்சம் 8. தண்ணீர் இருக்க வேண்டிய சூடு அதுதான், அதாவது ஃபிரிட்ஜ் தண்ணீர். வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைக்கச் சொல்கிற குறிப்புகள் பெரும்பாலும் ஆக்டிவ் டிரை ஈஸ்ட்டுக்கு, இன்ஸ்டன்ட்டுக்கு அது தேவையில்லை.

தனிப்பொழுது போய்விட்டதே என்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொந்தக்காரர்கள் வருவதைத் தடுக்கவும் முடியாது. நேரத்தை மாற்றுங்கள். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் பிசைந்து, எண்ணெய் தடவிய பெரிய டப்பாவில் மூடி, உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். காலை நாலரைக்கு எடுத்து, தட்டிச் சுருட்டி டின்னில் போடுங்கள். மாவு விளிம்புக்கு அரை அங்குலம் கீழே வந்ததும் விரலால் லேசாக அழுத்துங்கள். குழி மெதுவாக, பாதி மட்டும் மேலே வந்தால் பதம். உடனே எழும்பினால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். எழும்பவே இல்லையென்றால் தாண்டிவிட்டது. தட்டிக் காற்றை வெளியேற்றி மறுபடி சுருட்டினால் ஒரு முறை தப்பிக்கும்.

பதம் வரும்வரை காத்திருந்துவிட்டு ஓ.டி.ஜி.யைப் போடாதீர்கள். கால் மணி முன்பே 200 டிகிரியில் சூடாகட்டும். அரை மணி வேகவேண்டும். மேலே சீக்கிரம் சிவந்தால் ஃபாயில் மூடுங்கள். வெந்ததும் டின்னிலிருந்து எடுத்துக் கம்பித்தட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் அடிப்பக்கம் வியர்த்து ஈரமாகிவிடும். ஒரு மணி நேரம் ஆறாமல் கத்தி வைக்காதீர்கள். ஏழரைக்கு வெட்டலாம், விருந்தாளிகள் வருவதற்குள்.