இருபத்தைந்து கஜமா, மீட்டரா? ரிப்பன் பற்றி மூன்று கேள்விகள்

கேள்வி: எங்கள் கல்லூரி ரெட் ரிப்பன் கிளப் சார்பில் டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்துக்காக ஒரு சிவப்பு சாட்டின் ரிப்பன் சுருள் வாங்கினோம். அட்டையில் 25 என்று போட்டிருந்தது. ஆளுக்கு 15 செ.மீ. வெட்டினால் 166 பேருக்கு வர வேண்டும். 152 பேருக்குத்தான் வந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அந்த அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இன்னொரு தடவை பாருங்கள். 25-க்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் 'யார்டு' என்று இருக்கிறதா? யார்டு என்றால் கஜம். ஒரு கஜம் 91.44 செ.மீ.தான். 25 கஜம் என்பது 22.86 மீட்டர். அதை 15 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் சரியாக 152 வரும். 25 மீட்டர் என்று நினைத்து வாங்கியதில் 2 மீட்டருக்கு மேல் போய்விட்டது.

கடைக்காரர் மேல் மட்டும் பழி போட மனம் வரவில்லை. அவருக்கும் சரக்கு அப்படியேதான் வந்து இறங்கியிருக்கும். ஆனால் இது சின்ன விஷயமும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி நம் நாட்டில் நீளத்தை மீட்டர் கணக்கில்தான் சொல்லி விற்க வேண்டும். பொட்டலமாக வந்தால் நீளம், அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி எல்லாம் மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் பில்லோடு தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் எடையளவு ஆய்வு அந்தத் துறையிடம்தான் இருக்கிறது. சில்லறையாக வாங்கும்போது, ரிப்பனைக் கை நீட்டி அளந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முத்திரை போட்ட மீட்டர் கோலை எடுக்கச் சொல்லுங்கள்.

துணியை வெட்டி நீங்களே செய்தது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. 1991-இல் நியூயார்க்கில் 'விஷுவல் எய்ட்ஸ்' அமைப்பின் கலைஞர்கள் இந்தச் சிவப்பு ரிப்பனை உருவாக்கியபோது, யாரும் இதற்குக் காப்புரிமை கொண்டாடக் கூடாது என்றே விட்டார்கள். 6 அங்குலம் வெட்டு, தலைகீழ் 'வி' போல மடி, ஊக்கு குத்து. அவர்கள் சொன்ன செய்முறை அவ்வளவுதான். அச்சடித்த பேட்ஜுக்குச் செலவழிக்கத் தேவையே இல்லை.

கேள்வி: அக்டோபரில் இளஞ்சிவப்பு ரிப்பன் படம் போட்ட தண்ணீர் பாட்டிலை 80 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன். என் சித்தி மார்பகப் புற்றுநோயில் இறந்தவர். அந்த 80 ரூபாய் நோயாளிகளுக்குப் போகுமா?

பதில்: ரிப்பன் படத்தை மட்டும் வைத்து அப்படி நம்ப முடியாது, அம்மா. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கான அந்தச் சின்னம் பொதுவில் கிடப்பது; யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

இதன் கதையைத் தெரிந்துகொண்டால் உங்கள் சந்தேகம் எவ்வளவு நியாயமானது என்பது புரியும். கலிஃபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற பெண்மணி 1990-களின் தொடக்கத்தில் பீச் பழ நிற ரிப்பன்களைத் தன் கையாலேயே மடித்து, ஒரு அட்டையில் குத்தி விநியோகித்தார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு நிதியில் 5 சதவீதம்தான் தடுப்புக்குப் போகிறது என்று அந்த அட்டை சொன்னது. 1992-இல் ஒரு பத்திரிகையும் அழகுசாதன நிறுவனம் ஒன்றும் அதைக் கேட்டபோது, வியாபாரமாகிவிடும் என்று அவர் மறுத்தார். அவர்கள் நிறத்தை மாற்றிக்கொண்டார்கள். பீச் நிறம் இளஞ்சிவப்பானது அப்படித்தான்.

அதனால் பொருளைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பாட்டிலுக்கு எத்தனை ரூபாய், எந்த அமைப்புக்கு, எந்தத் தேதி வரை என்று எழுதியிருக்கிறதா? 'ஒரு பங்கு' என்று மொட்டையாக இருந்தால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கொடுப்பதாக விளம்பரம் செய்துவிட்டுக் கொடுக்கவில்லை என்றால் அது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் தவறான விளம்பரம். 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

சித்தியின் நினைவாகக் கொடுக்க நினைத்தால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடத்தில் நேரடியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். 80 ரூபாயும் முழுசாகப் போய்ச் சேரும்.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ரெட்டைச் சடை மடித்துக் கட்டுகிறேன். பள்ளி ரிப்பன் மதியத்துக்குள் வழுக்கி அவிழ்கிறது, நுனி நூல் நூலாகப் பிரிகிறது, சட்டையில் சாயமும் ஒட்டுகிறது.

பதில்: இரண்டு பக்கமும் பளபளக்கும் சாட்டின் முடியில் நிற்காது. குறுக்கே மெல்லிய வரி ஓடும் நெசவு ரிப்பனாகக் கேளுங்கள். விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும். கடையிலேயே வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ரிப்பன் மேல் நாலு தடவை தேய்த்துப் பாருங்கள், கறை பட்டால் வாங்க வேண்டாம். நுனியைச் சாய்வாக வெட்டி, மெழுகுவர்த்திச் சுடருக்குப் பக்கத்தில், சுடரில் படாமல், ஒரு நொடி காட்டுங்கள். பாலியஸ்டரோ நைலானோ என்றால் ஓரம் உருகி இறுகிவிடும், பிறகு பிரியாது. பருத்தி ரிப்பனில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், தீப்பிடித்துக்கொள்ளும்.