ஆசானுக்குத் தெரியுமா?

கேள்வி: என் மகன் பதினொன்றாம் வகுப்பு. மூன்று வருடமாக ஊரில் ஓர் ஆசானிடம் சிலம்பமும், வெறுங்கையால் போடும் அடிமுறையும் படிக்கிறான். நேற்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் வேறு பள்ளிக்கூடத்துப் பையன்களோடு தகராறு. ஒருவன் இவன் காலரைப் பிடித்திருக்கிறான். இவன் அந்தக் கையைத் தட்டிவிட்டு முகத்தில் ஒரு குத்து. அவன் பின்னால் நகர்ந்த பிறகும் இன்னொரு குத்து. அந்தப் பையனுக்கு முன்பல் உடைந்துவிட்டது. கூட நின்ற ஒருவன் வீடியோ எடுத்திருக்கிறான். என் கணவர் அதை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு என் தம்பிக்கும் அனுப்பினார். 'படிச்சதுக்குப் பலன் உண்டுல்லா' என்கிறார். 'ப்ரூஸ் லீயும் தெருவுல அடிச்சுத்தான் ஆளானான்' என்று வேறு. எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பை நிறுத்திவிடட்டுமா? அவன் விரல் முட்டியில் சின்ன வெட்டுக்காயம், கை வீங்கியிருக்கிறது, மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறேன். ஏழாவது படிக்கும் மகளும் சிலம்பம் படிக்கப் போகிறேன் என்கிறாள். அவளை அனுப்பலாமா?

பெயர் வேண்டாம், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: சகோதரி, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, மஞ்சள் பற்று என்று, முதலில் அதற்கு வருகிறேன். கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். முகத்தில் குத்தியவன் முட்டியில் வெட்டுக்காயம் இருந்தால், அது எதிராளியின் பல் பட்ட காயம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். விரலை மடக்கிக் குத்தும்போது பல் உள்ளே இறங்குகிறது. பிறகு விரலை நீட்டினால் தோல் நகர்ந்து துவாரத்தை மூடிக்கொள்கிறது. வெளியே பார்த்தால் எறும்பு கடித்த மாதிரி இருக்கும், உள்ளே மூட்டுக்குள் வாய்க்கிருமி போயிருக்கும். மஞ்சளுக்கெல்லாம் அது அடங்காது. டாக்டரிடம் 'கீழே விழுந்தான்' என்று சொல்லாமல் 'பல் பட்டது' என்றே சொல்ல வேண்டும். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்புக்கு ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். பழக்கமில்லாமல் வெறுங்கையால் குத்துகிறவர்களுக்கு முறிவது பெரும்பாலும் அந்த எலும்புதான்.

சரி, வகுப்பு விஷயம். நிறுத்த வேண்டாம். இதை நான் யோசிக்காமல் சொல்லவில்லை. எனக்கே இந்த விஷயத்தில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. எங்கள் ஊர் ஆசானிடம் நான்காவது வருடம். ஒற்றைச் சுவடு என்னும் ஆரம்பப் பாடம் தாண்டி, எதிராளியின் மூட்டை முறுக்கிப் பிடிக்கும் பூட்டு போடக் கற்றுக்கொண்டிருந்த நேரம். அம்மன் கோவில் கொடைவிழா அன்று இரவு பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று இன்றைக்கு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவு பெரிய விஷயம். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பூட்டுப் போட்டேன். களரியில், அதாவது பயிற்சிக் களத்தில் என்றால், கூடப் படிக்கிறவன் தரையைத் தட்டுவான், விட்டுவிடுவோம். இவனுக்குத் தட்டத் தெரியாது, எனக்கு விடத் தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் விசில் அடித்தார்கள். அன்று இரவு நான் தூங்கவே இல்லை. பயத்தால் அல்ல, பெருமையால்.

மறுநாள் காலை களரிக்குப் போனேன். நம் பக்கத்து ஆசான்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடி சொல்லிக்கொடுப்பவரே எலும்புக்குக் கட்டுப்போடுகிறவரும். திண்ணையில் காலையிலேயே பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், காய்ந்த எண்ணெய் வாசனை தெருமுனை வரை வரும். அந்தத் திண்ணையில் அவன் உட்கார்ந்திருந்தான், கையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் அவன் அம்மா. ஆசான் என்னைப் பார்த்தார், அவன் மணிக்கட்டைப் பார்த்தார். எந்தப் பூட்டு என்று அவருக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாடே, இவன் முழங்கையைப் பிடி" என்றார். நான் பிடித்துக்கொள்ள, அவர் இழுத்து எலும்பை இணைத்தார். அந்தச் சத்தம் இருக்கிறதே! அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். (இதைப் படித்துவிட்டு யாரும் முறிவுக்கு வீட்டிலேயே உளுந்து அரைக்க வேண்டாம். இன்றைக்கு எக்ஸ்ரே இருக்கிறது.)

கட்டு மாற்றும் நாளெல்லாம் நான்தான் கூட நிற்க வேண்டும் என்பது ஆசான் உத்தரவு. எண்ணெயைச் சூடாக்குவது, துணி கிழிப்பது, அவன் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவது. பத்தாவது நாள் வரை நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. கடைசி நாள் அவன் அம்மா ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுவந்தார். ஆசான் அதில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். உங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், எனக்கு அந்தப் பழம்.

வர்மத்தை, அதாவது அடிபட்டால் ஆபத்தாகும் உடம்பின் உயிர்நிலைகளை, கடைசியாகத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று மனப்பாடமாகச் சொல்லும் பையன்கள் யூடியூப் புண்ணியத்தில் இன்று நிறைய இருக்கிறார்கள். ஆனால் ஓர் ஆசான் அதைத் தொட்டுக் காட்ட வருஷக்கணக்கில் ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படியே காட்டினாலும் அந்த அடியின் பாதிப்பை எடுக்கும் அடங்கல், இளக்குமுறை என்ற சிகிச்சை முறைகளையும் சேர்த்தே சொல்வார். அடித்ததைச் சரிசெய்யத் தெரியாதவன் பாதி படித்தவன் என்பதுதான் அவர்கள் கணக்கு. அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் மகன் அடித்தது ஆசானுக்குத் தெரியுமா? கடிதத்தில் வீடியோ தம்பி வரைக்கும் போயிருக்கிறது, ஆசானிடம் போனதாக ஒரு வரி இல்லை.

உங்கள் கணவருக்கு இரண்டு விஷயம். முதலாவது சட்டம். காலரைப் பிடித்த கையைத் தட்டிவிட்டானே, அது தற்காப்பு, யாரும் குறை சொல்ல முடியாது. முதல் குத்தைப் பற்றி வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். அவன் பின்னால் நகர்ந்த பிறகு விழுந்த குத்துக்குத் தற்காப்பு என்று பெயர் கிடையாது. பழைய தண்டனைச் சட்டத்திலும் சரி, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் சரி, தேவைக்கு மேல் ஒரு அடி கூடினாலும் அந்த உரிமை நிற்காது. இன்னொன்று, பல் முறிந்தால் சட்டக் கணக்கில் அது சாதாரணக் காயம் அல்ல. எலும்பு முறிவோடு சேர்த்துக் கொடுங்காயம் என்றே எழுதியிருக்கிறது. பையனுக்குப் பதினெட்டு ஆகவில்லை, அதனால் புகார் வந்தால் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அவர் பெருமையோடு அனுப்பிக்கொண்டிருக்கும் வீடியோவில் அந்த இரண்டாவது குத்து தெளிவாகத் தெரியும், இல்லையா? அதை இனி ஒருவருக்கும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். சிலம்பத்தை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை என்று மனதில் ஏதாவது கணக்கு இருந்தால், அந்த வேலைக்கு எடுக்கும் முன் வழக்கு உண்டா என்று விசாரிப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது ப்ரூஸ் லீ. அவர் தெருவில் அடித்தார் என்பது உண்மைதான், ஆளான கதைதான் வேறு. 1953 கிறிஸ்துமஸ் இரவு ஹாங்காங்கில் ஷெக் கிப் மேய் குடிசைப் பகுதி எரிந்து ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் வீடிழந்தார்கள். அவர்களுக்கு நிதி திரட்ட 1954 ஜனவரியில் மக்காவில் இரண்டு சீனத் தற்காப்புக் கலை குருமார்கள் மோதிக்கொள்ள மேடையேறினார்கள். ஒருவர் தாய் சி பாணி, இன்னொருவர் வெண்கொக்குப் பாணி. மூக்கில் ரத்தம் வர, இரண்டாம் சுற்றோடு நிறுத்திவிட்டார்கள். யார் ஜெயித்தது என்று அறிவிக்கவே இல்லை. விடுவார்களா சிஷ்யப் பிள்ளைகள்? எந்தப் பாணி பெரிது என்று மொட்டைமாடிகளில் அவர்களுக்குள் சவால் சண்டை பெருகியது. தெருவில் என்றால் போலீஸ் வரும், மாடியில் வராது. இப் மேன் என்ற குருவிடம் விங் சுன் என்ற இன்னொரு பாணியைப் படித்துக்கொண்டிருந்த ப்ரூஸ் லீ அந்தத் தலைமுறைப் பையன்.

அவர் தெருவிலும் விடாமல் சண்டை போட்டு விஷயம் போலீஸ் வரை போனது. பெற்றவர்கள் என்ன செய்தார்கள்? 1959-ல், பதினெட்டு வயதில், கையில் நூறு டாலரைக் கொடுத்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். பிறந்தது சான் பிரான்சிஸ்கோ என்பதால் அப்படி அனுப்ப முடிந்தது. அதற்கு முந்தைய வருடம் ஹாங்காங்கில் சா-சா நடனப் போட்டியில் சாம்பியனும் அவர்தான். அவர் போட்டோவை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவர்களுக்கு இந்த நடன விஷயம் பெரும்பாலும் தெரியாது. தெருச் சண்டை அந்த வீட்டுக்குக் கொடுத்தது பிள்ளையைப் பிரிந்திருந்த வருஷங்களை. உங்கள் கணவர் அப்படி அனுப்பத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள்.

மாடியானாலும் கொடையானாலும் பஸ் ஸ்டாப்பானாலும், சண்டையை நடத்துவது சுற்றி நிற்கிற கூட்டம். காலரைப் பிடித்தவன்கூட நண்பர்கள் பார்க்கவில்லை என்றால் பிடித்திருப்பானோ என்னவோ. உங்கள் மகனிடம் 'ஏன் அடித்தாய்' என்று கேட்காதீர்கள், அதற்கு அவனிடம் தயாராக ஒரு பதில் இருக்கும். 'பக்கத்தில் யார் யார் நின்றார்கள்' என்று கேளுங்கள். அவர்கள் கையில் கயிறு கட்டியிருந்தார்களா, என்ன நிறம் என்றும் கேளுங்கள். தென்மாவட்டத்தில் இருக்கிறீர்கள், விளக்க வேண்டியதில்லை. பள்ளிகளில் அந்தச் சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி முன்னாள் நீதிபதி சந்துரு குழு 2024-ல் பரிந்துரைத்தது சும்மா இல்லை. இரண்டு பையன்களின் தகராறு இரண்டு தெருக்களின் தகராறாக மாற ஒரு வீடியோ போதும். அப்படி ஏதாவது நிறம் அதில் இருந்தால், நான் இங்கே சொல்வதோடு நிறுத்தாமல் இரண்டு பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் நீங்களே போய்ப் பேசிவிடுங்கள்.

கை விஷயம் முடிந்ததும் பையனைக் கூட்டிக்கொண்டு ஆசான் வீட்டுக்குப் போங்கள். வெற்றிலை பாக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததை அவன் வாயால் சொல்லட்டும், இரண்டாவது குத்து உட்பட. நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம். ஆசான் கேட்டுவிட்டு 'நல்லா குடுத்தியாடே' என்று சிரித்தால், அப்போது வகுப்பை நிறுத்துங்கள், அன்றே. கோபப்பட்டால் நல்லது. பேசாமல் இருந்தால் அதைவிட நல்லது. வகுப்பு போனால் கம்பும் போகும், ஆசானும் போவார். மூன்று வருஷம் படித்த கை மட்டும் பஸ் ஸ்டாப்பில் மிச்சமிருக்கும். அதை யார் பிடிப்பார்கள்?

அந்தப் பையன் வீட்டுக்கும் போக வேண்டும். பல் டாக்டர் செலவு உங்களுடையது. கணவர் வந்தால் நல்லது, வராவிட்டால் உங்கள் தம்பியைக் கூட்டிப்போங்கள், அவர்தான் வீடியோ பார்த்தாயிற்றே.

மகளைக் கேட்டிருந்தீர்கள். கேரளத்து வடகரையில் களரிப்பயட்டு சொல்லிக்கொடுக்கும் மீனாட்சியம்மா ஏழு வயதில் தொடங்கியவர். எழுபதைத் தாண்டிய வயதில், 2017-ல், பத்மஸ்ரீ வாங்கினார். உங்கள் மகள் அந்த வயதைக் கடந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. ஆசான் வீட்டுக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அண்ணன் சொல்வதை அவளும் கேட்கட்டும். கம்பு அவள் நெற்றி அளவுக்கு இருந்தால் போதும், இரண்டு வருஷத்தில் எப்படியும் மாற்ற வேண்டி வரும்.