ஐரோப்பா பஸ் டூர்: கேளுங்கள், சொல்கிறேன்

(ஐரோப்பாவுக்குக் குரூப் அழைத்துப் போகும் டூர் மேனேஜராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கோடையில் கிளம்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள் இதோ.)

கே: அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 68. பாரிஸில் தொடங்கி, சுவிஸ் வழியாக ரோமில் முடியும் டூர். "பஸ்ஸில் உட்கார்ந்துக்கிட்டே போகப் போறோம், இதுக்கு என்ன தயாரிப்பு?" என்கிறார் அப்பா. என்ன சொல்லிப் புரியவைக்க?
– திருச்சி வாசகி

ப: ஊர் விட்டு ஊர் போகத்தான் பஸ். ஊருக்குள் அவரவர் கால்தான். வெனிஸில் பஸ்ஸுக்கு வழியே கிடையாது. டூர் பஸ்கள் நிற்கும் டிரான்கெட்டோ தீவில் இறங்கி, படகு பிடித்து, சான் மார்க்கோ சதுக்கத்துப் பக்கம் போய் இறங்க வேண்டும். அங்கிருந்து கால்வாய்க்குக் கால்வாய் பாலம், பாலத்துக்குப் பாலம் படி. பிளாரன்ஸிலும் ரோமிலும் பழைய நகரத்துக்குள் டூர் பஸ் நினைத்த இடத்தில் போய் நிற்க முடியாது. தரை கருங்கல் பாவியது. மேடும் பள்ளமுமாக இருக்கும், தூறல் விழுந்தால் வழுக்கும்.

கால் வலிக்கிறதே என்று கண்ட படியில் உட்காரவும் முடியாது. ரோமின் ஸ்பானிஷ் படிகளில் 2019 முதல் உட்காரத் தடை, மீறினால் அபராதம். சான் மார்க்கோ சதுக்கத்திலும் படியில், தரையில் உட்காரக் கூடாது. நாற்காலி வேண்டுமென்றால் காபிக் கடைதான். இத்தாலியில் கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. சான் மார்க்கோவில் வாத்தியக்காரர்கள் வாசிக்கும் கடைகளில் பாட்டுக்கும் சேர்த்து பில் போடுவார்கள். பாட்டு என்னவோ நன்றாகத்தான் இருக்கும்!

அதனால், அப்பாவை இன்றே ஷூ வாங்கச் சொல்லுங்கள். கிளம்பும் முந்தின வாரம் வாங்கினால் பாரிஸிலேயே கொப்புளம் வந்துவிடும். அதே ஷூவைப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் நடக்கட்டும். திருச்சிக்காரர்களுக்குப் படி ஏறிப் பழக நான் சொல்லியா தெரிய வேண்டும், மலைக்கோட்டை இருக்கிறதே! அம்மாவுக்கு முட்டி வலி என்றால் மடக்கும் கைத்தடி ஒன்று. சுவிஸில் டிட்லிஸ் என்ற பனிமலைக்குப் போவீர்கள். கேபிள் கார் கொண்டுபோய் விடும் இடமே 3,020 மீட்டர் உயரம். இதய நோய், மூச்சுத் திணறல் இருந்தால் பணம் கட்டும் முன்பே டாக்டரைக் கேட்டுவிடுங்கள். கீழே வெயில் அடிக்கிறதே என்று ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டாம், மேலே பனி.

கே: பத்து நிமிஷம் தாமதமானால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களாமே? நம் ஊர் டிரைவர் மாதிரி கொஞ்சம் அனுசரிக்க மாட்டார்களா?
– கோவை வாசகர்

ப: டிரைவர் நல்லவர்தான் சார், அவரால் முடியாது. ஐரோப்பிய பஸ்ஸில் டேக்கோகிராஃப் என்று ஒரு கருவி உண்டு. டிரைவர் தன் கார்டை அதில் செருகிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். எப்போது ஓட்டினார், எப்போது நிறுத்தினார் என்று எல்லாம் அதில் பதிவாகும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு கட்டாயம். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. ராத்திரி 11 மணி நேர ஓய்வு என்பது பொது விதி. போலீஸ் வழியில் மறித்து அந்தப் பதிவைப் பார்ப்பார்கள், தப்பிருந்தால் அபராதம்.

காலையில் ஒருவர் லாபியில் போட்டோ எடுத்துத் தாமதித்தால், வழியில் பார்க்க வேண்டிய ஏதோ ஒன்று அன்று அடிபடும். கூட இருக்கும் நாற்பது பேருடைய முகத்தைப் பார்க்க வேண்டியவள் டூர் மேனேஜர். "ஒன்பது மணி" என்றால் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் ஒன்பது.

கே: சர்க்கரை நோயாளி நான். அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். பஸ்ஸில் வசதி இருக்குமா?
– சேலம் வாசகர்

ப: சில பஸ்களில் இருக்கும், பெரும்பாலும் பூட்டியே வைத்திருப்பார்கள். நம்பிப் போகாதீர்கள். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் நிறுத்துவார்கள். ஜெர்மனியில் பல இடங்களில் காசு போட்டால்தான் கதவு திறக்கும், கூடவே ஒரு கூப்பன் வரும். அதைக் கடையில் கழித்துக்கொள்ளலாம், குப்பையில் போடாதீர்கள். யூரோ நாணயங்களை ஒரு சின்ன பர்ஸில் தனியாக வைத்திருங்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவரா? நீண்ட பயண நாளில் அதை எப்போது போடுவது என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். மருந்தெல்லாம் டாக்டர் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். பஸ் வயிற்றுக்குள் போன பெட்டி ஹோட்டல் வாசலில்தான் வெளியே வரும். தலைவலி மாத்திரைக்கே இந்தக் கதி என்றால், இன்சுலினுக்குக் கேட்கவே வேண்டாம்.

கே: பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப் போகலாமா? பேரன் பாரிஸில் படிக்கிறான், அவனுக்குப் பால்கோவா?
– ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகி

ப: பொடியும் புளிக்காய்ச்சலும் தாராளமாக. புளிக்காய்ச்சல், ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் திரவக் கணக்கில் பிடுங்கிவிடுவார்கள். இரண்டு கவர் போட்டு செக்-இன் பெட்டியில் வையுங்கள். பால்கோவாவைப் பேரன் ஊருக்கு வரும்போது கொடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பாலும் இறைச்சியும், அவற்றில் செய்ததும் பயணிகள் கொண்டுபோகத் தடை. நெய்யும் அதில் சேர்ந்ததுதான், பாட்டி! பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். வறுத்துப் பொடியிலேயே சேர்த்துவிடுங்கள்.

கே: விசா எல்லாம் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். நான் எதைச் சரிபார்க்க?
– நாகர்கோவில் வாசகர்

ப: பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். கடந்த 10 வருஷத்துக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும், ஷெங்கன் நாடுகளை (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. லண்டனும் உண்டென்றால் அதற்குத் தனி விசா. லண்டன் நடுவில் வந்தால் ஷெங்கன் விசா மல்டிபிள் என்ட்ரியாக, அதாவது வெளியே போய் மறுபடி நுழையக்கூடியதாக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கே: ஈபிள் கோபுரத்தின் முன் பட்டுப்புடவையில் போட்டோ எடுக்க ஆசை. சிரிப்பீர்களா?
– காஞ்சிபுரம் வாசகி

ப: எதுக்குச் சிரிக்க? உள்ளே லெகிங்ஸ், காலில் ஷூ, ஹேண்ட்பேக் மட்டும் முன்பக்கம். பிக்பாக்கெட்காரர்களுக்கு உங்கள் போஸ்தான் வேலை நேரம்.

கே: எனக்குப் பஸ்ஸில் வாந்தி வரும். முன் சீட் கேட்டால் தருவார்களா?
– தஞ்சை வாசகி

ப: தினமும் சீட் மாற்றுவதுதான் வழக்கம். உங்கள் பிரச்சினையை புக் செய்யும்போதே எழுத்தில் சொல்லிவையுங்கள், ஏற்பாடு செய்வார்கள். வாந்தியே வராதவர்களும் இதே காரணம் சொல்வதுண்டு. ஆல்ப்ஸ் வளைவுகளில் முறுக்குப் பொட்டலம் பிரியும் சத்தம் முன் சீட்டிலிருந்து வந்ததும் எங்களுக்குத் தெரிந்துவிடும்.