மூடிய இடத்திலும் தண்ணீர் நிற்கும்: கேபிள் இணைப்பு உறைகள் பற்றிக் கேள்வி பதில்

முப்பது ஆண்டுகளாக மோட்டார், கேபிள் வேலை செய்கிறேன். எரிந்துபோன இணைப்பு கைக்கு வந்தால் உடனே தூக்கிப் போடாமல் பிரித்துப் பார்ப்பது என் பழக்கம். அப்படிப் பிரித்தவற்றில் பாதிக்கு மேல் ஏதோ ஓர் உறை இருந்தது: டேப், பிளாஸ்டிக் பை, ரப்பர் மூடி, சிலிக்கோன் பூச்சு. உறை இருந்தும் ஏன் கெட்டது என்பதே நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவற்றின் சாரம். தண்ணீர் எந்த வழியாக வருகிறது, வந்தது எங்கே போகிறது என்று இரண்டையும் பார்த்த பிறகே உறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேள்வி: ஐயா, பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்தில் சப்மெர்சிபிள் மோட்டார் 500 அடியில் தொங்குகிறது. இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை கேபிள் ஜாயிண்ட் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் டேப்பை முன்னதைவிடத் தடிமனாகச் சுற்றுகிறோம். இனி என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள். கெட்ட ஜாயிண்ட்டை வெட்டி எறிந்தபோது, மீதிக் கேபிளில் இருந்த செம்பு பளபளவென்று இருந்ததா, கறுத்திருந்ததா? கறுத்திருந்தால் உங்கள் மூன்று தோல்விக்கும் காரணம் அங்கேயே இருக்கிறது. ஜாயிண்ட்டுக்குள் புகுந்த நீர் அங்கேயே நிற்பதில்லை. செம்பு இழைகளின் நடுவே உள்ள இடுக்கு வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, கேபிளுக்குள் அடிக்கணக்கில் ஏறிவிடும். அந்த ஈரத்தின் மேல் எவ்வளவு நல்ல ஜாயிண்ட் போட்டாலும் உள்ளிருந்தே அரிக்கும். செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். பத்தடி போனாலும் போகட்டும், மோட்டாரை இன்னொரு முறை தூக்கும் கூலியைவிட அது குறைவு.

அடுத்தது அழுத்தம். பத்து மீட்டர் நீருக்கு ஒரு பார் என்பது கணக்கு. மோட்டாருக்கு மேல் 300 அடி நீர் நின்றால் ஏறக்குறைய ஒன்பது பார், அதாவது கார் டயரில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. சாதாரண பி.வி.சி. டேப் பசையால் மட்டுமே ஒட்டி நிற்கிறது. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் மயிரிழை வழி எப்போதும் உண்டு. இருபது சுற்று சுற்றினாலும் அந்த வழி நீளுமே தவிர அடைபடாது.

நான் செய்யும் முறை இது. மூன்று கோர்களையும் (கேபிளுக்குள் தனித்தனி உறையோடு ஓடும் கம்பிகள்) ஒரே இடத்தில் வெட்ட மாட்டேன். ஒன்று குட்டை, ஒன்று நடுத்தரம், ஒன்று நெட்டை என்று படியாக வெட்டினால் மூன்று இணைப்புகளும் ஒன்றோடொன்று உரசாமல் தள்ளித் தள்ளி அமையும், ஜாயிண்ட்டும் ஒல்லியாக இருக்கும். முறுக்கி இணைப்பதைக் கைவிட்டு, கம்பியின் அளவுக்குச் சரியான செம்புக் குழாய் போட்டுக் கிரிம்ப் செய்வேன், அதாவது குழாயை நசுக்கி இறுக்குவேன். கேபிள் உறையின் மேல்தோலை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தபின், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றுவேன். இழுக்காமல் சுற்றினால் அது ஒட்டாது. நன்றாக இழுத்துச் சுற்றியது சில மணி நேரத்தில் ஒரே ரப்பர் கட்டியாகிவிடும், பிறகு அங்கே சுற்று என்பதே இல்லை. அந்த ரப்பர் மெத்தென்று இருப்பதால் உரசலில் கிழியும். அதற்குக் காவலாக வெளியே பி.வி.சி. டேப். கடையில் உங்களுக்குத் தந்த ஒரே டேப்பின் உண்மையான வேலை இதுதான்.

இறக்குவதற்கு முன் சோதனை. ஜாயிண்ட்டை ஒரு டிரம் தண்ணீரில் முழுக்கி, கேபிளின் இரு முனைகளையும் வெளியே வைத்து, இரவு முழுவதும் விடுங்கள். மோட்டாரோடு இணைப்பதற்கு முன்பானால் இன்னும் தெளிவாகத் தெரியும். காலையில் 500 வோல்ட் மெக்கரின் (மின்காப்பை அளக்கும் கருவி) ஒரு முனையைக் கோரிலும் மறுமுனையைத் தண்ணீருக்குள் விட்ட ஒரு வெற்றுக் கம்பியிலும் வைத்துப் பாருங்கள். புது ஜாயிண்ட் என்றால் நூறு மெகா ஓமுக்குக் குறைந்து காட்டினால் நான் இறக்க மாட்டேன். அவசரப்பட்டு இறக்கியவர்களோடு மறுபடி கிணற்றடியில் நின்றிருக்கிறேன். அவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

கடைசியாக, ஜாயிண்ட்டுக்கு மேலேயும் கீழேயும் கேபிளைக் குழாயோடு கட்டிவிடுங்கள். எடை ஜாயிண்ட்டில் தொங்கக் கூடாது.

கேள்வி: அண்ணா, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டால் டேப்பே வேண்டாம் என்கிறார்களே?

பதில்: எந்த ஸ்லீவ் என்பதைப் பொறுத்தது. சாதாரண ஸ்லீவ் சுருங்கி இறுகும், அவ்வளவே. உள்ளே எதுவும் ஒட்டாது, எனவே ஈரத்தைத் தடுக்காது. பேனல் பெட்டிக்குள் அது போதும். வெளியிலும் தண்ணீரிலும் உட்சுவரில் பசை பூசிய ஸ்லீவ் வேண்டும். சூடாக்கும்போது அந்தப் பசை உருகி இரு ஓரங்களிலும் லேசாகப் பிதுங்க வேண்டும். பிதுங்காவிட்டால் வேலை முடியவில்லை என்று பொருள்.

அளவில் 2:1, 3:1 என்று எழுதியிருப்பது எவ்வளவு சுருங்கும் என்பதற்கான விகிதம். நடுவில் குழாய் பருத்து, ஓரத்தில் கம்பி மெலிந்திருக்கும் இடத்துக்கு 3:1 எடுங்கள். தீக்குச்சி, லைட்டர் வேண்டாம். ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் சுருங்காது. ஹாட் ஏர் கன்னை நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குக் கொண்டுபோனால் உள்ளிருக்கும் காற்று வெளியேறிவிடும். இணைக்கும் முன்பே ஸ்லீவைக் கேபிளில் கோத்துவிடுங்கள். இணைத்த பிறகு நினைவு வந்தால் மறுபடி வெட்டத்தான் வேண்டும். கைதேர்ந்தவர்களுக்கும் இது நடக்கிறது.

கேள்வி: வணக்கம் சார். கார்த்திகைக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் மொட்டை மாடியில் சீரியல் விளக்கு போடுகிறோம். எக்ஸ்டென்ஷன் பலகையும் பிளக்கும் சேரும் இடத்தைப் பிளாஸ்டிக் பையால் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு வைப்பேன். அது சரியா?

பதில்: அம்மா, அந்தப் பையை இன்றே எடுத்துவிடுங்கள். கார்த்திகை மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டு வழிந்து பையின் வாய் வழியே உள்ளே இறங்குகிறது. இறங்கியது வெளியேற வழி இல்லை. காலையில் அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு மடக்குத் தண்ணீர் நிற்கும், அதற்குள் பிளக் கிடக்கும். பை இல்லாமல் நனைந்திருந்தால் வெயில் வந்ததும் காய்ந்திருக்கும்.

பலகையைத் தரையில் வைக்காமல் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள், கூரையின் நிழல் இருந்தால் நல்லது. மேலே கவிழ்த்த தொட்டி போல ஒரு மூடி போதும், அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். ஒயர் மேலிருந்து நேரே பிளக்குக்கு வரக் கூடாது. ஒரு முழம் கீழே தொங்கி, வளைந்து, மறுபடி மேலேறிப் போகட்டும். வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். காசில்லாத பாதுகாப்பு இது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, அந்த இணைப்பு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வருகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். விளக்கு போடும் நாளில் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். விழாவிட்டால் அன்று விளக்கு வேண்டாம். பிள்ளைகள் வெறுங்காலோடு மாடியில் ஓடும் நாள் அது.

கேள்வி: ஐபி 67 என்று போட்ட கனெக்டர் வாங்கினேன். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் கன் பட்டதும் உள்ளே தண்ணீர். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. ஐ.இ.சி. 60529 என்ற தரநிலையில் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் அமைதியான நீரில் கிடந்து தாங்கியது என்று பொருள். பீய்ச்சும் நீருக்கு 5, 6 என்ற எண்கள். 7 வாங்கிய பொருள் 6-இலும் தேறியது என்று ஆகாது, இரண்டும் தனித்தனிச் சோதனைகள். உங்கள் கடைக்கு ஐபி 66, ஐபி 67 இரண்டும் அச்சிட்டது வேண்டும். சூடான நீரை அருகிலிருந்து அழுத்தமாகப் பாய்ச்சுவீர்கள் என்றால் 9 என்று போட்டதைத் தேடுங்கள். 8 என்றால் எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்று தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

எல்லாச் சோதனையும் நல்ல தண்ணீரில், புதுப் பொருளில் நடப்பவை. வெயிலும் உப்பும் சோப்பு நீரும் அந்த எண்ணில் இல்லை. கனெக்டர் இரண்டும் பூட்டியிருக்கும்போதோ மூடி போட்டிருக்கும்போதோதான் அந்த எண் செல்லும்.

கேள்வி: பந்தல், ஜெனரேட்டர் தொழில் செய்கிறேன். நீலம், சிவப்பு இண்டஸ்ட்ரியல் பிளக்குகளின் மூடிகள் எப்போதும் உடைந்துவிடுகின்றன. மூடி இல்லாமல் ஓட்டினால் என்ன?

பதில்: கரண்ட் ஓடும். ஆனால் லாரியில் ஏற்றி இறக்கும்போது மண் உள்ளே போகிறது. அடுத்த ஊரில் அந்த மண்ணோடு பிளக்கை அழுத்திச் செருகுகிறீர்கள். பித்தளைப் பின் கீறி, பிடிப்பு தளர்ந்து, சூடாகி, ஒருநாள் உருகும். 32 ஆம்பியர் சிவப்புச் சாக்கெட் ஒன்று உருகி, பின்னோடு ஒட்டிக்கொண்டதைப் பிரிக்க முடியாமல் அறுத்து எடுத்திருக்கிறேன். பந்தல் துணிக்கு அரை அடி தள்ளி நடந்தது அது.

மூடியைத் தனியாகக் கழற்றி வைக்காமல் நைலான் கயிற்றால் கேபிளோடு கட்டிவிடுங்கள். இந்த வகையில் ஐபி 44 என்பது தெறிப்புக்கு மட்டும். மழைக்காலத்தில் தரையில் கிடக்கும் இணைப்புக்கு, திருகிப் பூட்டும் வளையம் உள்ள ஐபி 67 வகைதான்.

கேள்வி: சோலார் தகடுகளின் எம்சி4 கனெக்டருக்கு மேல் டேப் சுற்றலாமா? பழைய கனெக்டர் ஒரு கம்பெனி, புதியது வேறு கம்பெனி.

பதில்: டேப் வேண்டாம். பூட்டியபின் அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வளையமே காவல். கூரை வெயிலில் டேப்பின் பசை இளகி வழிந்து, ஈரத்தையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உங்கள் இரண்டாவது வரிதான் எனக்குக் கவலை. எம்சி என்பது அதை உருவாக்கிய மல்டி கான்டாக்ட் நிறுவனத்தின் பெயரெழுத்து, 4 என்பது உள்ளே இருக்கும் ஊசியின் விட்டம் 4 மி.மீ. என்பதற்கு. அதைப் பார்த்துப் பலரும் செய்கிறார்கள். ஒன்றோடொன்று பொருந்தும், கிளிக் என்று சத்தமும் வரும். ஆனால் உலோகம், முலாம், வளையத்தின் அளவு எல்லாம் வேறு. பிடிப்பு தளர்ந்தால் சூடு, சூட்டில் வளையம் இறுகிப்போய் நீர் புகும். வீட்டு ஏ.சி. கரண்ட் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் பொறி அணைய வாய்ப்பு உண்டு. சோலார் டி.சி.யில் அந்த இடைவெளியே இல்லை, பொறி பற்றினால் நின்று எரியும். இருபக்கமும் ஒரே கம்பெனி, ஒரே வகையாக மாற்றிவிடுங்கள். தகடு வந்து இறங்கியது முதல் பூட்டும் வரை வாயில் மூடி இருக்க வேண்டும். பூட்டியபின் கூரைத் தரையில் கிடக்க விடாமல் சட்டத்தோடு கட்டுங்கள். கறுப்பு டை வாங்குங்கள், வெள்ளை வெயிலில் நொறுங்கிவிடும்.

ஓடும்போது மட்டும் கழற்றாதீர்கள். முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, டி.சி. ஐசொலேட்டரை (தகடுகளின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணையுங்கள்.

கேள்வி: கேபிள் நுழையும் ஓட்டையைக் குளியலறைச் சிலிக்கோனால் அடைக்கலாமா?

பதில்: காயும்போது வினிகர் வாடை வந்தால் வேண்டாம். அது வெளியிடும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும், பச்சை பூக்கும். நியூட்ரல் என்று குறித்தது வாங்குங்கள். அதைவிட, அளவான கிளாண்டு (கேபிளை இறுகப் பிடித்து ஓட்டையை அடைக்கும் திருகு மூடி) போடுங்கள். பின்னாளில் திறக்கவும் முடியும்.

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரி டெர்மினலுக்குச் சிவப்பு ரப்பர் மூடி அவசியமா?

பதில்: அவசியம். நீருக்காக அல்ல, மேலே ஸ்பானர் விழுந்தால் அது நொடியில் பழுக்கும். டெர்மினலைத் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவி, பிறகு மூடுங்கள். ஆனால் அதே வாசலினைக் கனெக்டர்களின் ரப்பர் வளையங்களில் தடவ வேண்டாம். ஈ.பி.டி.எம். வகை ரப்பரைப் பெட்ரோலியப் பொருள் ஊதவைத்துவிடும்.

கேள்வி: நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கிறோம், ஐயா. ஏரேட்டர் (குளத்து நீரில் காற்றைக் கலக்கும் கருவி) மோட்டார்களின் இணைப்புப் பெட்டி நன்றாக மூடியிருந்தும் உள்ளே தண்ணீர் நிற்கிறது. எங்கிருந்து வருகிறது?

பதில்: காற்றிலிருந்து. பகலில் பெட்டி சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. இரவில் குளிர்ந்து, வெளிக்காற்றை கேஸ்கெட்டின் (மூடியின் ஓரத்தில் உள்ள ரப்பர் அடைப்பு) இடுக்கு வழியாக உள்ளே இழுக்கிறது. உங்கள் ஊர்க் காற்று ஈரமும் உப்பும் கலந்தது. அந்த ஈரம் பெட்டியின் உட்சுவரில் வியர்த்து இறங்குகிறது. தினமும் ஒரு சில துளி. ஒரு போகம் முடிவதற்குள் அது டெர்மினலைத் தொட்டுவிடும்.

கேஸ்கெட்டை இன்னும் இறுக்கினால் தீராது. பெட்டியின் அடியில், மிகத் தாழ்ந்த மூலையில் வடிகால் பிளக் ஒன்று போடுங்கள். காற்று போய்வர, நீர் புகாத சவ்வு வைத்த பிளக் கிடைக்கிறது. கேபிள் எப்போதும் அடியிலிருந்து நுழையட்டும், மேலிருந்து வேண்டாம். பித்தளைக் கிளாண்டை எடுத்துவிட்டு நைலான் போடுங்கள். திருகுகள் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. போகம் முடிந்து குளத்தை வற்றவிடும்போது, மின்சாரத்தை முழுமையாக அணைத்து, பெட்டியின் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துக் காயவிட்டபின் திறந்து பாருங்கள். உப்பு படிந்தால் அது காற்றின் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும்.

குளத்துக்குள் இறங்கி நின்றுகொண்டே மிதவையைத் தள்ளும் தொழிலாளர்கள் இருப்பார்கள். அவர்கள் இறங்கும் முன் அந்தக் குளத்தின் மெயினை அணைத்துப் பூட்டி, சாவியை இறங்குபவர் தன் இடுப்பில் செருகிக்கொள்ளட்டும்.