"இத்தனை நாள் கொடுக்கிறேன், என்ன ஆயிடுச்சு?"

கேள்வி: எங்கள் வீட்டு நாய்க்கு மூன்று வயது, பத்துக் கிலோ எடை. அப்பாவுக்கு அவன் என்றால் உயிர். தான் எதைச் சாப்பிட்டாலும் அவனுக்கும் ஒரு வாய் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். போன மாதம் பிறந்தநாள் சாக்லேட் கேக்கில் ஒரு துண்டு கொடுத்தார். அவ்வப்போது நாலைந்து திராட்சை, வெங்காயம் போட்டுச் சமைத்த கறி எல்லாம் அவனுக்குப் போகிறது. "வேண்டாம் அப்பா" என்று தடுத்தால், "இத்தனை நாள் கொடுக்கிறேன், என்ன ஆயிடுச்சு?" என்கிறார். உண்மையிலேயே அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா? எதையெல்லாம் கொடுக்கவே கூடாது? தப்பித்தவறி தின்றுவிட்டால் பால் கொடுத்துச் சரிசெய்ய முடியுமா?

பதில்: நீங்கள் பயப்படுவது நியாயம்தான். அப்பா சொல்வதும் பொய்யில்லை. அவர் கொடுத்ததைத் தின்ற நாய் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஏன் தப்பித்தது என்பதற்கு ஒவ்வொரு உணவிலும் ஒரு காரணம் இருக்கிறது. அடுத்த முறை அதே காரணம் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது.

முதலில் கேக். சாக்லேட்டில் தியோபுரோமின் என்றொரு பொருள் இருக்கிறது. நம் உடல் அதை விரைவாக உடைத்து வெளியேற்றிவிடும். நாயின் உடலுக்கு அந்த வேகம் கிடையாது. உள்ளே போனதில் பாதி குறையவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் அது இதயத்தையும் நரம்புகளையும் முடுக்கிக்கொண்டே இருக்கும். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவில் உள்ளே போனால் வாந்தி, பேதி, இருப்புக்கொள்ளாத தவிப்பு வரும். 40, 50 என்று ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60ஐத் தொட்டால் வலிப்பு வரலாம்.

உங்கள் பத்துக் கிலோ நாய்க்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பால் சாக்லேட்டில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் தியோபுரோமின் இருக்கும். எனவே 100 கிராம் தின்றால்தான் தொந்தரவு தொடங்கும். கருப்பு சாக்லேட் என்றால் 40 கிராமே போதும். சமையலுக்கு வரும் இனிப்பில்லாத சாக்லேட்டிலும் கோகோ பவுடரிலும் பத்துப் பதினைந்து கிராமிலேயே ஆபத்து தொடங்கிவிடும். அப்பா கொடுத்த துண்டில் பெரும்பகுதி மாவும் சர்க்கரையும்தான். அதனால் பிழைத்தது. அதே நாய் ஒருநாள் மேசையில் திறந்து கிடக்கும் கோகோ டப்பாவை நக்கினால் கதையே வேறு.

சாக்லேட்டிலாவது இப்படிக் கணக்குப் போட முடிகிறது. திராட்சையில் அதுவும் முடியாது. எனக்கு மிகவும் கவலை தருவது இந்தப் பழம்தான். ஒரு நாய் ஒரு கொத்தையே தின்றுவிட்டு ஓடியாடும். இன்னொன்றுக்குக் கொஞ்சம் உலர்திராட்சையிலேயே சிறுநீரகம் செயலிழந்துவிடும். இந்த வேறுபாட்டுக்கான காரணம் நெடுங்காலம் பிடிபடாமலே இருந்தது. பூச்சிமருந்தாக இருக்குமோ, பூஞ்சையாக இருக்குமோ என்றெல்லாம் சந்தேகப்பட்டார்கள். 2021இல்தான் டார்ட்டாரிக் அமிலத்தின் மேல் கவனம் திரும்பியது. திராட்சையின் ரகத்தையும் பழுத்த பக்குவத்தையும் பொறுத்து அந்த அமிலத்தின் அளவு கூடும், குறையும். அதனால் போன வாரம் கொடுத்த நாலு பழமும் இந்த வாரம் கொடுக்கும் நாலு பழமும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறாக இருக்கலாம். "இவ்வளவு வரை கொடுக்கலாம்" என்று எந்த மருத்துவரும் உறுதி தர முடியாத உணவு இது. இதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உலர்திராட்சை போட்ட கேக், பிஸ்கட்டும் வேண்டாம்.

திராட்சையில் இன்னொரு சிக்கலும் உண்டு. தின்ற நாய் ஒரு நாளுக்குள் வாந்தி எடுக்கும், அப்புறம் சோர்ந்து படுக்கும். சிறுநீரகம் கெட்டது வெளியே தெரிய ஒன்றிலிருந்து மூன்று நாள்கூட ஆகும். சிறுநீர் குறைந்து, நின்றே போன பிறகு தூக்கிக்கொண்டு ஓடினால் மருத்துவரால் செய்ய முடிவது மிகவும் குறைவு. தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் போனால் வாந்தி எடுக்கவைத்து, நரம்பு வழியே திரவம் ஏற்றி, பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நாய் வாலாட்டிக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தில்தான் வைத்தியம் நன்றாகப் பலிக்கும். அப்பாவிடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல முடியும் என்றால் இதைச் சொல்லுங்கள்.

வெங்காயம் கெடுப்பது ரத்தத்தை. சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது சிதைக்கும். சிதைந்த அணுக்களை உடலே அழித்துவிடும், நாய்க்கு ரத்தசோகை வரும். நாயின் எடையில் 200இல் ஒரு பங்கு, அதாவது உங்கள் நாய்க்கு ஏறக்குறைய 50 கிராம், ஒரே வேளையில் போனாலே கவலைப்பட வேண்டும். அதைவிடக் கொஞ்சமாக, ஆனால் தினமும் கொடுத்துவந்தாலும் பாதிப்பு சேரும். வதக்கினாலோ வேகவைத்தாலோ அதன் நஞ்சு போகாது. பொடியாக்கினால் இன்னும் அடர்த்தியாகிவிடும். பூண்டு வெங்காயத்தைவிடக் கடுமையானது.

வெங்காயக் கறி தொடர்ந்து போயிருப்பதால் இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். நாயின் மேலுதட்டைத் தூக்கி, ஈறின் மேல் கட்டைவிரலை ஒரு நொடி அழுத்திவிட்டு எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி ரோஜா நிறத்துக்கு வர வேண்டும். சில நாய்களுக்குப் பிறவியிலேயே ஈறு கருப்பாக இருக்கும். அப்படியானால் கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ, சிறுநீர் பழுப்பும் சிவப்புமாகப் போனாலோ, கொஞ்சம் நடந்ததும் மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், அடுத்த முறை போகும்போது இந்த விவரத்தை அவரிடம் சொல்லிவையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம், மிட்டாய், சில வகை வேர்க்கடலை வெண்ணெய், பற்பசை ஆகியவற்றில் சைலிடால் என்ற இனிப்பைச் சேர்ப்பார்கள். நமக்கு அதனால் தீங்கில்லை. நாயின் கணையமோ அதைச் சர்க்கரை என்றே எடுத்துக்கொண்டு இன்சுலினைக் கொட்டிவிடும். அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்து, நாய் தள்ளாடும், விழும், வலிப்பு வரும். அளவு கூடினால் கல்லீரலும் போய்விடும். பத்துக் கிலோ நாய்க்கு ஒரு கிராமே ஆபத்து. சில சூயிங்கம்களில் ஒரு துண்டிலேயே அவ்வளவு இருக்கும். லேபிளில் இ967 என்றோ பிர்ச் சர்க்கரை என்றோ போட்டிருந்தாலும் இதுதான். கைப்பையைக் கீழே வைக்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுவும் காபித் தூளும் கூடவே கூடாது. ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த பச்சை மாவு வயிற்றின் சூட்டில் உப்பும், ஆல்கஹாலும் ஊறும். மெக்கடேமியா கொட்டை பின்னங்கால்களைத் தளர்த்திவிடும். ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்றாலும் பார்க்கவே பயமாக இருக்கும். பூஞ்சை பிடித்த உணவை நாய்க்குப் போட்டுக் காலி செய்யாதீர்கள், அதனால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். வேகவைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். கொழுப்பும் எண்ணெயும் மிகுந்த கறியால் கணைய அழற்சி வரும். வாந்தியோடு, முன்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நாய் நின்றால் வயிற்றில் கடும் வலி என்று அர்த்தம். விளையாடுகிறது என்று விட்டுவிடாதீர்கள்.

பால் விஷத்தை முறிக்காது. பல நாய்களுக்குப் பால் செரிக்காததால் பேதிதான் கூடும். உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தி எடுக்கவைப்பது அதைவிட மோசம், உப்பே நஞ்சாகிவிடும். தொண்டையில் விரலையும் விடாதீர்கள். மருத்துவருக்கு போன் செய்து, என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன, இந்த நான்கையும் சொல்லுங்கள். கிழிந்த உறையையும் மீதியையும் கையோடு எடுத்துப் போங்கள். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணை இப்போதே தேடி எல்லோர் போனிலும் பதிந்துவையுங்கள்.

சரி, அப்பாவை என்ன செய்வது? அவர் கையால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்தப் பாசம் நாய்க்கும் வேண்டும், அவருக்கும் வேண்டும். கொடுக்கும் பொருளை மட்டும் மாற்றுங்கள். எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி, கேரட், வெள்ளரிக்காய், விதை எடுத்த ஆப்பிள் ஆகியவற்றைச் சின்னச் சின்னதாக நறுக்கி, உப்பும் மசாலாவும் சேர்க்காமல், அவர் சாப்பிட உட்காரும்போது அவர் பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். இப்படிக் கொடுப்பது நாயின் ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பத்துக் கிலோ நாய்க்கு ஏறத்தாழ 60 கலோரி, கோழிக்கறி மட்டும் என்றால் 35, 40 கிராம் வரும். அந்த அளவை அதன் வழக்கமான சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள்.