"பார்த்துத்தானே வாங்கினீர்கள்?": பழைய ஸ்டீல் சைக்கிளும் விற்றவர் எழுதிய வார்த்தையும்

கேள்வி: கல்லூரிக் காலத்தில் தினமும் சைக்கிள் ஓட்டியவள் நான். வேலை, குழந்தைகள் என்று 20 ஆண்டுகள் விட்டுப்போயிற்று. 44 வயதில் மறுபடி தொடங்க ஆசைப்பட்டு, இணையத்தில் விளம்பரம் பார்த்து, ஒரு தனிநபரிடம் பழைய ஸ்டீல் ரோடு சைக்கிள் வாங்கினேன். "ரெனால்ட்ஸ் 531 ஃப்ரேம், விபத்து எதிலும் சிக்காதது, வெண்ணெய் மாதிரி ஓடும்" என்று போட்டிருந்தார். நேரில் போய்ப் பார்த்தேன், ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தேன். ஐந்து வாரம் கழித்து, பிடியைத் தளர்த்தினால் வண்டி இடப்பக்கம் இழுப்பது தெரிந்தது. மெக்கானிக், இது முன்பக்கம் மோதிய ஃப்ரேம் என்கிறார்; விளம்பரத்தில் சொன்ன 531 என்ற உயர்தர ஸ்டீல் குழாயே இல்லை என்றும் சொல்கிறார். புதிதாக வாங்கிய பின்சக்கரமும் பொருந்தவில்லை. விற்றவரைக் கேட்டால், "பார்த்துத்தானே வாங்கினீர்கள், பழைய பொருளுக்கு யார் கேரண்டி கொடுப்பார்கள்?" என்கிறார். பில் கிடையாது. பணம் திரும்பக் கிடைக்குமா? மோசடி என்று போலீஸில் புகார் கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த சைக்கிளை ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். வழக்கு, பணம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஹேண்டில்பார் சொருகியிருக்கும் முன்குழாயிலிருந்து பெடல் பக்கம் சாய்வாக இறங்கும் குழாயைப் பாருங்கள். அது முன்குழாயோடு சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், அடிப்பக்கமாக விரலை மெதுவாக ஓட்டுங்கள். நேருக்கு நேர் மோதிய ஸ்டீல் ஃப்ரேமில் அங்கே ஒரு புடைப்போ சுருக்கமோ விரலில் தட்டும். மேல்குழாயிலும் முன்குழாய்க்கு அருகே அதே மாதிரி இருக்கும். பெயிண்ட் மயிரிழை விட்டு வெடித்திருக்கலாம், அல்லது அந்த இடத்தில் மட்டும் நிறம் சற்றுப் புதிதாகத் தெரியலாம். கண்ணைவிட விரல்தான் இதற்கு நல்ல சாட்சி. உங்கள் மெக்கானிக் சொன்னதும் இதைத்தான் என்றால், அது அழகுக் குறை இல்லை. அந்த மடிப்பிலிருந்து பின்னாளில் விரிசல் தொடங்கலாம். அது உடைவது உங்கள் முகத்துக்கு நேர் கீழே.

ஓட்ட வேண்டாம் என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. குறை தெரிந்த பிறகும் ஒரு பொருளை உங்களுடையது போல் பயன்படுத்தினால், நீங்கள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று எதிர்த் தரப்பு வாதிடும். இதுவரை ஓட்டிய ஐந்து வாரத்துக்குப் பதில் சொல்ல முடியும்: அப்போது குறை தெரியாது. இனி ஓட்டும் ஒவ்வொரு நாளும் உங்கள் கையைப் பலவீனப்படுத்தும்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அடிப்படையில் பெரிய வித்தியாசம் வராது. இங்கிலாந்தில் 1893இல் வந்த பொருள் விற்பனைச் சட்டத்தின் வழியில்தான் இலங்கையின் 1896 கட்டளைச் சட்டம், இந்தியாவின் 1930 சட்டம், மலேசியாவின் 1957 சட்டம் எல்லாம் வந்தன. நான் கீழே சொல்லும் பிரிவு எண்கள் இந்தியச் சட்டங்களுடையவை.

விற்றவர் சொல்வதில் பாதி சரி. வாங்குகிறவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று 1930 சட்டத்தின் பிரிவு 16 சொல்லும் பாதுகாப்பு, அந்த வகைப் பொருளை வியாபாரமாக விற்பவரிடம் வாங்கும்போதுதான் கிடைக்கும். வீட்டில் இருந்த பழைய சைக்கிளைத் தள்ளிவிடும் தனிநபரிடம் அது செல்லாது. "வெண்ணெய் மாதிரி ஓடும்" என்பதையும் பிடித்துக்கொண்டு தொங்க முடியாது, அது விற்பவர் எல்லோரும் பாடும் பாட்டு.

பின்சக்கரம் பொருந்தாதது குறையே இல்லை, வயது. 1970, 80களின் ரோடு சைக்கிள்களில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளி பெரும்பாலும் 126 மில்லிமீட்டர். பின்னர் வந்தவற்றில் 130. பல பழைய வண்டிகளில் 630 மில்லிமீட்டர் ரிம், இன்றைய ரோடு சக்கரத்தில் 622. விற்றவருக்கு நீங்கள் அனுப்பப்போகும் நோட்டீஸில் இந்தப் புகாரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். இதைச் சேர்த்தால் உங்கள் நல்ல புகார்களும் "பழைய சைக்கிள் என்று தெரியாமல் வாங்கிவிட்டுச் சண்டை போடுகிறார்" என்ற கணக்கில் போய்விடும்.

இப்போது விற்றவர் சொல்லாமல் விட்ட மறுபாதிக்கு வருகிறேன். பொருளை இன்னது என்று விவரித்து விற்றால், கொடுக்கும் பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். இது அதே சட்டத்தின் பிரிவு 15. இதில் வியாபாரி, தனிநபர் என்ற பேதம் கிடையாது. நேரில் பார்த்து வாங்கினாலும், விளம்பர வார்த்தைகளை நம்பி வாங்கியிருந்தால் அது விவரத்தின் பேரில் நடந்த விற்பனைதான்.

இதற்கு உங்கள் வழக்கோடு அச்சாகப் பொருந்தும் தீர்ப்பு ஒன்று உண்டு. 1967இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த பீல் எதிர் டெய்லர் வழக்கு. ஒரு தனிநபர் தன் காரை "1961 ஹெரால்டு" என்று விளம்பரம் செய்தார். வாங்கியவர் நேரில் போய்ப் பார்த்துத்தான் வாங்கினார். பிறகு பார்த்தால், அது இரண்டு கார்களின் பாதிகளை வெல்டு செய்து ஒட்டிய வண்டி. பின்பாதி மட்டும்தான் 1961. விற்றவருக்கும் அது தெரியாது, அவர் நேர்மையானவர். ஆனாலும் வாங்கியவர் ஜெயித்தார். விவரம் பொய்யானதே போதும், விற்றவர் மனதில் என்ன இருந்தது என்று பார்க்கத் தேவையில்லை. அந்நிய நாட்டுத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரே வேரில் வளர்ந்த சட்டம் என்பதால் வாதத்தில் எடுத்துக் காட்டலாம்.

அதனால் உங்கள் புகாரில் முதலில் நிற்க வேண்டியது 531தான், விபத்து இரண்டாவது. ரெனால்ட்ஸ் 531 என்பது 1935இல் அறிமுகமான மெல்லிய, வலுவான ஸ்டீல் குழாய்க்குப் பெயர். பழைய ரோடு சைக்கிளில் அந்த ஒட்டுப்படத்தைப் பார்த்துத்தான் பலர் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் படம் தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது, ஆகவே படம் சாட்சி ஆகாது. அளவு சாட்சி ஆகும். சீட்டைத் தாங்கும் கம்பியை மெக்கானிக்கை விட்டு வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அதன் விட்டம் பெரும்பாலும் கம்பியிலேயே பொறித்திருக்கும். சீட் குழாயின் வெளிவிட்டம் வழக்கமாக 28.6 மில்லிமீட்டர். முனையில் மட்டும் தடிமன் வைத்து மற்ற இடத்தில் சுவரை மெல்லிசாக்கிய 531 குழாய் என்றால் 27.2 கம்பி உள்ளே போகும். உங்களுடையதில் 25.4 கம்பி சரியாக இறுகி உட்கார்ந்திருந்தால், குழாயின் சுவர் 1.6 மில்லிமீட்டர் தடிமன். அது சாதாரணக் கனமான ஸ்டீல். 26-க்கும் 27-க்கும் இடைப்பட்ட அளவு என்றால் அவசரப்படாதீர்கள். சுவர் முழுக்க ஒரே தடிமனாக உள்ள 531 குழாய்களும் உண்டு. அந்த நிலையில் இந்தப் புகாரைத் தள்ளிவைத்து, விபத்தை முன்னால் வைக்கலாம்.

விற்றவருக்குச் சாதகமான தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். 1957இல் ஆஸ்கர் செஸ் எதிர் வில்லியம்ஸ் வழக்கில், தன் காரை 1948 மாடல் என்று பதிவுப் புத்தகத்தை நம்பிச் சொன்னார் ஒரு தனிநபர். உண்மையில் அது 1939. வாங்கியது கார் வியாபாரி. அவருக்குத் தெரிந்துகொள்ள வழி இருந்தது, விற்றவர் தனக்குக் கிடைத்த தகவலைத்தான் சொன்னார் என்று வியாபாரி தோற்றார். "எனக்கு விற்றவர் சொன்னதைத்தான் நானும் எழுதினேன்" என்று உங்கள் ஆள் சொன்னால், அந்தப் பக்கம்தான் போகப் பார்க்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். ஆனால் நீங்கள் வியாபாரி இல்லை; 20 ஆண்டு கழித்து சைக்கிளுக்குத் திரும்பியவர். வாங்குவதற்கு முன் அவருக்கு அனுப்பிய செய்திகளில் அதை எங்காவது சொல்லியிருந்தால், அந்த வரி உங்களுக்குப் பொக்கிஷம். தேடிப் பாருங்கள்.

ஒன்றைக் கட்டாயம் விசாரியுங்கள்: அவர் உண்மையிலேயே தனிநபர்தானா? அவர் பெயரில் வேறு சைக்கிள் விளம்பரங்கள் இருக்கின்றனவா, பழைய ஃப்ரேம்களை வாங்கிப் பெயிண்ட் அடித்து விற்கிறாரா? அப்படியென்றால் அவர் வியாபாரி, கடைப் பலகை இல்லாவிட்டாலும். பிரிவு 16 உயிர்பெறும். இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கும் வழியும் திறக்கும். வெறும் தனிநபர் என்றால் நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு உதவாது. உரிமையியல் நீதிமன்றம்தான், அதற்கு மூன்று ஆண்டு அவகாசம்.

ஆதாரம்தான் இனி உங்கள் வேலை. விளம்பரத்தை அவர் எந்த நிமிடமும் நீக்கலாம், இன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். செய்திகள் இருக்கும் போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். இந்தியாவில் மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்க 2023 சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்று தர வேண்டியிருக்கும், அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது. மெக்கானிக் வாயால் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்: எந்த இடத்தில் புடைப்பு, கம்பியின் அளவு என்ன, பார்த்த தேதி. பின்சக்கரம் மாட்டும் இடத்திலிருந்து முன்குழாயைச் சுற்றி மறுபக்கம் வரை நூல் கட்டி, சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளந்தால், ஃப்ரேம் பக்கவாட்டில் கோணியிருக்கிறதா என்று தெரியும். அதையும் படம் எடுங்கள். ஃப்ரேமை நிமிர்த்த வேண்டாம், பெயிண்டைச் சுரண்ட வேண்டாம். பழுது பார்த்துவிட்டால் சாட்சியே போய்விடும்.

பில் இல்லாததற்குக் கலங்க வேண்டாம். வாய்மொழி விற்பனையும் செல்லும். பணம் அனுப்பிய பதிவும் செய்திகளும் போதும். பெடல் அச்சு உட்காரும் உருளையின் அடியில் பெரும்பாலும் ஃப்ரேம் எண் பொறித்திருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது அராவி அழிக்கப்பட்டிருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அது திருட்டுச் சொத்து பற்றிய வேறு கேள்வி.

பிறகு இந்த வாரத்துக்குள் அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். கோபம் வேண்டாம். இப்படி இருக்கட்டும்:

"இன்ன தேதியில் தங்களிடம் வாங்கிய சைக்கிளை ரெனால்ட்ஸ் 531 ஃப்ரேம், விபத்தில் சிக்காதது என்று விளம்பரத்தில் விவரித்திருந்தீர்கள். அதை நம்பியே வாங்கினேன். இன்ன தேதியில் மெக்கானிக் சோதித்ததில் இரண்டும் சரியில்லை என்று தெரியவந்தது. அவர் எழுதிக்கொடுத்ததும் படங்களும் இணைப்பில். அன்றிலிருந்து சைக்கிளை ஓட்டவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். விவரத்துக்கு ஒத்துவராததால் அதை நிராகரிக்கிறேன். 15 நாளுக்குள் முழுத் தொகையைத் திருப்பித் தந்து சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள்."

கேட்பது முழுத் தொகை. ஐந்து வாரம் "நியாயமான காலத்தை"க் கடந்துவிட்டது, நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று நீதிமன்றம் நினைத்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமை போய் இழப்பீடு மட்டும் மிஞ்சும். அதாவது, 531 ஃப்ரேமாக இருந்திருந்தால் என்ன பெறுமோ அதற்கும், இப்போது இருக்கிறபடி என்ன பெறுமோ அதற்கும் உள்ள வித்தியாசம். அதனால் அவர் பாதிக்கு மேல் தர முன்வந்தால், கையெழுத்து வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள் என்பேன். ஒரு சைக்கிளுக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்கும் நாட்களுக்கும் விலை உண்டு.

போலீஸ் புகார் வேண்டாம். மோசடிக் குற்றத்துக்கு, விற்ற அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். புடைப்பின் மேல் பெயிண்ட் அடித்தவர் இவரா, இவருக்கு முன் வைத்திருந்தவரா என்று உங்களுக்குத் தெரியாது. பிரிவு 15 வழியில் இந்தக் கேள்விக்கே பதில் தேவையில்லை. அந்த வசதியை விட்டுவிட்டு, நிரூபிக்க முடியாத ஒன்றை ஏன் தலையில் சுமக்க வேண்டும்? அவர் படத்தைப் போட்டு "திருடன்" என்று இணையத்தில் எழுதவும் வேண்டாம். அவதூறு வழக்கில் நீங்கள் பதில் சொல்லும்படி ஆகும்.

அடுத்த சைக்கிள் பார்க்கப் போகும்போது, கையில் நீளமான நூல் ஒன்றை எடுத்துப் போங்கள், சீட் கம்பியை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "விபத்தில் சிக்கியதா? குழாய் என்ன வகை?" என்ற இரண்டு கேள்வியையும் பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்தியாக அனுப்பி, பதிலையும் செய்தியாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.